கண்ணாடியில் நாலு மணி நேரம்

பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகிற மனுஷன், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் சட்டைக்கு மேல் சட்டை மாட்டிக்கொண்டு போவானா? டிரைவர் போனான். உள்ளே பஸ் கம்பெனியின் நீல யூனிஃபார்ம். மேலே கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பூங்கா வாசலில் அவன் வியர்த்து வழிந்துகொண்டு நின்ற கோலத்தைப் பார்த்தால், ஆளுக்குக் குளிர்காய்ச்சல் போல என்று யாரும் ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள்.

அவனுடைய மாஜி மனைவி தள்ளி நிற்கவில்லை. அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. எழுத்து அட்டையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதா, இப்ப தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. அப்படிப்பட்டவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதாக இவன் நம்பினான் பாருங்கள், அந்தத் தைரியத்துக்கே ஒரு மாலை போடலாம்.

"பத்தாகி ஒரு நிமிஷம் ஆச்சு" என்றாள்.

"பத்துதாங்க. உங்க வாட்ச் கொஞ்சம் அவசரப்படுது."

எட்டு வருஷம் குடும்பம் நடத்தியபோது நீ, வா, போ தான். பிரிந்து ஒன்றரை வருஷத்தில் இருவருக்கும் 'நீங்க' என்கிற மரியாதையெல்லாம் வந்துவிட்டது. இந்த மரியாதையில் பாதி அப்போதே வந்திருந்தால் பூங்கா வாசல்வரை வந்திருக்க வேண்டாம். அதை இப்போது பேசி என்ன பிரயோஜனம்?

நடுவில் நின்றது அவர்களுடைய மகள். ஏழு வயசு. வாயைத் திறந்தால் பையைக் கவிழ்த்தது மாதிரி கலகலவென்று கொட்டிக்கொண்டே இருப்பதால், பஸ்ஸில் கண்டக்டர் அக்கா வைத்த பேர் சில்லறை. பஸ்ஸில் வைத்த பேர் என்பதால் அம்மாவுக்கு அந்தப் பேர் தெரியாது. தெரியக் கூடாது.

விஷயம் இதுதான். குடும்ப ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பதினாலு விதிகள். பிள்ளை அம்மாவிடம் வளரும். பராமரிப்புத் தொகை மாசம் ஒண்ணாம் தேதி டிரைவரின் சம்பளத்திலிருந்தே பிடித்து அம்மாவுக்குப் போய்விடும். அதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை, அதனால் சண்டையும் இல்லை. ஞாயிறு பத்திலிருந்து இரண்டுவரை பிள்ளை அப்பாவிடம். ஏழாவது விதி: அந்த நாலு மணி நேரமும் அப்பா பிள்ளையோடு மட்டுமே இருக்க வேண்டும், வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. பதினாலாவது விதி: ஆறு மாசம் ஒரு புகாரும் இல்லாமல் போனால், வாரத்தில் ஒரு ராத்திரி பிள்ளை அப்பா வீட்டில் தங்கலாம்.

இந்தப் பதினாலாவது விதிக்காகத்தான் டிரைவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். சலவைக் கடைக்கு மேலே அவனுக்கு ஒற்றை அறை. அதில் ஜன்னல் ஓரமாக ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டான். பச்சை வர்ணம். மெத்தைமேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அந்த உறையைப் பிள்ளைதான் பிரிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். தினமும் வேலை முடிந்து வந்து அதைத் துணியால் துடைப்பான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலாவது மாசம் டிப்போ மேலாளர் புது டைம் டேபிளைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். டிரைவருக்கு வார லீவு ஞாயிறு போய்ப் புதன் வந்தது.

"சார், ஞாயிறு எனக்குப் பிள்ளை வர்ற நாள்."

"எல்லாருக்கும்தான்யா பிள்ளை இருக்கு. முடியலேன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சொல்லுவானா? வேலை போனால் பராமரிப்புத் தொகை நிற்கும். அது நின்றால் ஒப்பந்தம் முதல் விதியிலேயே குப்புற விழும். வேலைக்குப் போனாலோ ஏழாவது விதி விழும். சரி, அவளிடம் கேட்டு நாளை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். அதற்கும் பதினோராவது விதி ஒன்று இருக்கிறது. மாற்றம் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னால் எழுத்தில் கேட்க வேண்டும். முன்பு ஒரு தடவை பத்து மணியைப் பத்தரை ஆக்கக் கேட்டதற்கு மூன்று கடிதம், இரண்டு போன், ஆலோசகர் முன்னால் ஒரு பஞ்சாயத்து. போதுமடா சாமி என்று இவன் வாயை மூடிக்கொண்டான்.

அப்புறம்தான் மூளையில் அந்தப் பல்பு எரிந்தது. அவன் ஓட்டுகிற பஸ் கிளம்புகிற நிலையம் பூங்காவுக்கு நேர் பின்னால். பூங்காவின் முன்வாசலில் பிள்ளையை வாங்கி, உள்ளே நடந்து, பின்வாசல் வழியாக வெளியே வந்தால் பஸ். ரயில் நிலையம் போய்த் திரும்ப ஐம்பது நிமிஷம். பத்திலிருந்து இரண்டுக்குள் கச்சிதமாக நாலு நடை.

அன்றிலிருந்து ரெண்டு மாசமாக இந்தக் கூத்து நடக்கிறது. நாளைக்குத் திங்கட்கிழமை. ஆறு மாசம் முடிந்து ஆலோசகர் முன்னால் போய் உட்கார வேண்டிய நாள்.

பின்வாசலைத் தாண்டியதும் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே டிரைவர் கேட்டான்: "அம்மா ஏதாவது கேட்டாங்களா?"

"பார்க்ல புதுசா என்னன்னு கேட்டாங்க. ஒட்டகம் வந்திருக்குன்னு சொன்னேன்."

டிரைவர் அப்படியே நின்றுவிட்டான். "ஒட்டகமா? ஊஞ்சல் ஆடினோம்னு சொல்லுன்னுதானே சொல்லிக் கொடுத்தேன்?"

"ஊஞ்சல் முதல் வாரம்ப்பா. அப்புறம் வாத்து சொன்னேன். வாத்து முட்டை போட்டுச்சுன்னு சொன்னேன். வாத்து பழசாயிடுச்சு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒட்டகத்துக்குக் கண் நல்லாத் தெரியுதான்னு கேட்டாங்க. தெரியுதுன்னேன்."

இனி அவள் ஒட்டகத்தைத் தேடி வருவாளோ என்று டிரைவருக்குப் பயம். ஆனால் பத்து எட்டுக்கு வண்டி எடுக்க வேண்டும். ஒட்டகத்தைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா?

சில்லறை வழக்கம்போல முன்கதவுக்கு அருகே முதல் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. முதல் வாரமே அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எனக்குமா?" என்று கேட்டாள். "வண்டி ஓடும்போது உனக்கும்தான்" என்று சொல்லிவிட்டான். வேலை விஷயத்தில் மட்டும் ஆள் சுத்தம்.

அதனால் பேச்சு கண்ணாடி வழியாக. பயணிகளைப் பார்ப்பதற்காக டிரைவர் தலைக்கு மேல் மாட்டியிருக்கும் நீளக் கண்ணாடியை இவன் ஒரு பக்கமாகச் சாய்த்து, சில்லறை முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வான். அவள் கன்னத்தை உப்பினால் பசிக்கிறது. காதைப் பிடித்தால், ஏறியிருக்கிற ஆளைப் பார், சிரிப்பு வருகிறது. மூக்கைச் சுருக்கினால் அலுப்பு. அவன் பதிலுக்குப் புருவத்தை ஒரு தரம் தூக்கினால் ஆமாம், ரெண்டு தரம் தூக்கினால் இல்லை. நாலு மணி நேரத்துக்கு இது போதுமா என்றால், போதவே போதாது. ஆனால் அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் அவன் மிச்ச அஞ்சு நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

பிரச்சினை என்னவென்றால், கண்ணாடி சாய்ந்திருந்தால் பின்பாதி பஸ் மொத்தமும் இருட்டு. அன்றைக்கு முதல் நடையிலேயே ஒருவர் ரிப்பேர் பார்த்த ஸ்டாண்டு ஃபேனோடு பின்கதவில் இறங்கிக்கொண்டிருந்தார். ஆள் கீழே, ஃபேன் மேலே. இவன் கியர் போட்டுவிட்டான். கண்டக்டர் அக்கா விசில் அடித்த அடியில் பஸ்ஸில் தூங்கிய மூன்று பேர் எழுந்து இறங்கத் தயாராகிவிட்டார்கள்.

அக்கா முன்னால் வந்து நின்றாள். "தம்பி, அந்தக் கண்ணாடி எதுக்கு இருக்கு தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா நேரா வை."

"நேரா வெச்சா பிள்ளை தெரியலக்கா."

அக்கா அவனையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். டிக்கெட் கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டே பின்னால் போய்விட்டாள். ஃபேன்காரர் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்து நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். சில்லறை காதைப் பிடித்தாள். அவன் புருவத்தை ரெண்டு தரம் தூக்கினான், சிரிக்கிற விஷயமில்லை என்று.

ரெண்டாவது நடை முடிந்து நிலையத்தில் அப்பாவும் மகளும் ஜூஸ் குடிக்க இறங்கினார்கள். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடி நட்ட நேராக நிற்கிறது.

"யாருக்கா இதுல கை வெச்சது?"

"காத்து தள்ளியிருக்கும்" என்றாள் அக்கா, ஒரு இலைகூட அசையாத மத்தியானத்தில். சொல்லிவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போனாள். அக்கா பாடுகிற ஆளே இல்லை. அப்போதாவது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அவனோ எவன் கை வைத்தானோ என்று புலம்பிக்கொண்டே கண்ணாடியைப் பழையபடி சாய்த்துக்கொண்டான்.

இரண்டு மணிக்குக் கட்டம் போட்ட சட்டையோடு பூங்கா முன்வாசலில் நின்றால், என்றைக்கும் இல்லாத அதிசயமாக அவளைக் காணவில்லை. நாலு நிமிஷம் கழித்துத்தான் வந்தாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வியர்வை. நாலு நிமிஷத் தாமதம் என்றால் சாமானியமா? நாளைக்கு ஒட்டகம் பற்றிக் கேட்டால் இதை எடுத்துவிடலாம் என்று டிரைவர் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டான்.

"பரவாயில்லைங்க" என்றான், பெரிய மனசு பண்ணி.

அவள் அவனுடைய காலரையே பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆலோசகர் அறை. ஆலோசகர் மேஜையில் எப்போதும் ரெண்டு பேனா. இரண்டு பேரும் ஒத்துக்கொள்வதை நீலத்தில் எழுதுவார், சண்டையைச் சிவப்பில் எழுதுவார். இவர்கள் ஃபைலைத் திறந்தால் மிளகாய் காயப்போட்ட மாதிரி இருக்கும். சில்லறை மூலையில் சின்ன மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஆறு மாசம் ஆச்சு. எழுத்தில ஒரு புகாரும் வரல, ஆச்சரியமா இருக்கு" என்றார் ஆலோசகர். "நீங்க சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை பிள்ளையோட என்ன பண்றீங்க?"

டிரைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரெண்டு நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு. "பார்க்கு போவோம்ங்க. அங்க வந்து..."

ஓரக்கண்ணில் மூலை மேஜை பட்டது. பிள்ளை பென்சிலை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அப்பா என்ன விடப்போகிறார், வாத்தா ஒட்டகமா, தான் எதை ஒத்துக்கொண்டு தலையாட்ட வேண்டும் என்று தயாராக இருந்த பார்வை. தாளில் ஒரு நீளமான பஸ். ஜன்னல் வழியாக ஒட்டகம் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

வாயில் வந்த ஊஞ்சல் வாயிலேயே நின்றுவிட்டது. ஏழு வயசுப் பிள்ளை நமக்காகப் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அவனுக்கு அப்போதுதான் உடம்பு கூசியது. பச்சைக் கட்டில் ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டுப் போனது. போனால் போகட்டும் என்று விட்டான்.

"பார்க்குக்குப் போறதில்லைங்க. ரெண்டு மாசமா என் பஸ்லதான் உக்கார வெச்சிருக்கேன். லீவு புதன்கிழமைக்கு மாறிடுச்சு. வேலைய விட்டா பராமரிப்புக் காசு நின்னுடும். பார்க்குன்னு சொல்லச் சொல்லி நான்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். தப்புதான்."

ஆலோசகர் பெருமூச்சு விட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். "இது ஏழாவது விதிய மீறினதாகும். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்ங்க."

அவள் கைப்பையைத் திறந்து மேஜைமேல் நாலு பஸ் டிக்கெட்டை வரிசையாக வைத்தாள். டிரைவருக்கு அந்தத் தாளின் நிறம் தெரியாதா? தினமும் பார்க்கிற தாள். நேற்றைய தேதி.

"நாலு நடையும் நானும் வந்தேன்" என்றாள். "கடைசி சீட்ல உக்காந்திருந்தேன். கடைசி நடையில ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி ஓடி வந்தேன். அதான் நாலு நிமிஷம் லேட்டு."

டிரைவர் திருதிருவென்று விழித்தான். நாலு நடை. தன் பஸ்ஸிலேயே மாஜி மனைவி உட்கார்ந்து வந்திருக்கிறாள், இவனுக்குத் தெரியவில்லை.

"ஒட்டகம்னு சொன்னப்பதான் தெரிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அதுக்கு முன்னாடியே இவ வீட்டுல நாற்காலிய வரிசையா போட்டு, உள்ள போங்க உள்ள போங்கன்னு கத்திக்கிட்டிருந்தா. போதாததுக்கு அந்தக் கட்டம் போட்ட சட்டை. உள்ள இருக்கிற நீலக் காலர் சாலைக்கு அந்தப் பக்கத்துலேருந்தே தெரியுது. நான் பாக்குற வேலை என்னன்னு மறந்துட்டீங்க."

"அப்ப புகார் எழுதிக்கட்டுமா?" என்றார் ஆலோசகர்.

"எழுதிக்குங்க. ஒண்ணு, பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் கொடுத்தது. அது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. வீட்டுக்கு வந்து என் முகத்தப் பாத்து ஒட்டகம்னு சொல்றப்ப, இவளும் நம்மள விட்டுத் தள்ளிப் போறாளோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. ரெண்டு, அந்தக் கண்ணாடி. மொத்த பஸ்ஸையும் பாக்க வேண்டியத இவர் ஒரே சீட்டுக்குத் திருப்பி வெச்சிருக்கார். நேத்து ஒருத்தர் ஃபேனோட விழப் பாத்தார். ஏதாவது ஆயிருந்தா பிள்ளை கண்ணு முன்னாடிதான் ஆயிருக்கும்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். "நேரா வெச்சா பிள்ளை தெரியறதில்ல" என்றான்.

"நாலாவது வரிசை" என்றாள் அவள்.

"என்னது?"

"நாலாவது வரிசை, நடக்கிற வழி ஓரம். அங்க உக்காந்தா கண்ணாடி நேரா இருந்தாலும் முகம் முழுசாத் தெரியும். நீங்க ஜூஸ் குடிக்கப் போனப்ப ஒவ்வொரு வரிசையா நான் உக்காந்து பாத்தேன். கண்டக்டரம்மா உங்க சீட்ல உக்காந்து, தெரியுதா தெரியலையான்னு சொன்னாங்க."

காத்து தள்ளியிருக்கும் என்று அக்கா சொன்னதும், வராத பாட்டைப் பாடிக்கொண்டு போனதும் டிரைவருக்கு இப்போதுதான் விளங்கியது. தன்மேல் புகார் எழுத வந்தவள், பிள்ளை இவன் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று காலி பஸ்ஸில் சீட்டு சீட்டாக மாறி உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது. ஆலோசகர் முன்னால் அழக் கூடாது என்று கூரையைப் பார்த்தான்.

"லீவு புதனுக்கு மாறிடுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள்.

"கேட்டா மறுபடி சண்டை வரும்னு பயந்துட்டேன். நீ..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "நீங்க ஒத்துக்கமாட்டீங்கன்னு நினைச்சேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு மாசம் முன்னாடின்னா ஒத்துக்கிட்டிருக்கமாட்டேன்தான்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். "நாலு நடை பாத்துட்டேன்ல. எழுதிக்குங்க மேடம். புதன்கிழமை ஸ்கூல் விட்டதுலேருந்து வியாழன் காலையில ஸ்கூல் வரைக்கும். ராத்திரி அங்கேயே இருக்கட்டும்."

ஆலோசகர் நீலப் பேனாவைத் தேடினார். இந்த ஃபைலுக்கு அது தேவைப்பட்டு வெகுநாளாகிவிட்டதால் எங்கே வைத்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. டிராயரையெல்லாம் இழுத்துப் பார்த்தார். கடைசியில் சில்லறை எழுந்து வந்து, ஒட்டகத்துக்கு வர்ணம் அடிக்க எடுத்துப்போனதைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு தன் வழக்கையும் வைத்தாள்.

"புதன் சரி. ஆனா ஞாயித்துக்கிழமை பஸ்ஸும் வேணும்."

பெரியவர்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறு ஒரே ஒரு நடை, அம்மாவும் உடன் ஏறினால் மட்டும், நாலாவது வரிசை, கண்ணாடி நேராக. பதினைந்தாவது விதி நீலத்தில் ஏறியது.

புதன்கிழமை வந்தது. நாலரைக்குப் பள்ளிக்கூட வாசலில் டிரைவர் ஒற்றைச் சட்டையோடு நின்றான். அறைக்கு வந்ததும் சில்லறை செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில்மேல் ஏறி, பிளாஸ்டிக் உறையைப் பற்களால் கிழித்தாள். கீழே சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. சாப்பாடு ஆயிற்று. வீட்டுப்பாடம் ஆயிற்று. மணி ஆறரைதான் ஆகியிருந்தது. நாளைக் காலைவரை நேரம் கிடந்தது.

டிரைவர் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கேட்க எத்தனையோ இருந்தது. ரெண்டு மாசமாகச் சேர்த்து வைத்தவை. எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நேருக்கு நேராகப் பார்ப்பது என்னமோ மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது. மூக்கில் ஒரு சின்ன மச்சம். கண்ணாடியில் அது தெரிந்ததே இல்லை.

சில்லறை மெல்லக் கன்னத்தை உப்பினாள்.

அவன் பழக்கதோஷத்தில் புருவத்தை ஒரு தரம் தூக்கினான்.

அவள் காற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பேசலாம்ப்பா" என்றாள். "இப்ப வண்டி ஓடல."